ரோஸ் அரங்கின் கல்லாப்பெட்டி: நானூறு ஆண்டுப் பழைய வசூலை வரைபடமாக்குவது எப்படி

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ ஒரு தமிழ்ப் படம் வந்த மூன்றாம் நாளே மாமாக் கடை மேசையில் அதன் வசூல் அலசப்படும். முதல் நாள் கூட்டம் எப்படி, இரண்டாம் வாரம் நின்றதா விழுந்ததா, தீபாவளிக்கு விட்டதால் தப்பித்ததா என்று ஆளாளுக்குக் கணக்குப்பிள்ளை ஆகிவிடுவோம். இதே கண்ணோடு எலிசபெத் ராணி காலத்து லண்டன் நாடகங்களையும் பார்க்கலாம். எந்த நாடகம் ஓடியது, எது படுத்தது, எது படுத்த பிறகு எழுந்தது என்பதை நாள்வாரியாகச் சொல்லும் வசூல் ஏடு ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கிறது. வாசகர் வட்டம், நாடகக் குழு, படிவம் ஆறு மாணவர்கள் என யாராயினும் நான்கு பேர் இரண்டு மாலை உட்கார்ந்தால், அந்த ஏட்டிலிருந்து ஒரு நாடகத்தின் ஏற்ற இறக்கத்தை வரைபடத் தாளில் கொண்டுவந்துவிடலாம். ஆங்கில இலக்கியம் படித்திருக்கத் தேவையில்லை. கூட்டல், பெருக்கல், கொஞ்சம் சந்தேக புத்தி போதும்.

ஏட்டின் சொந்தக்காரர் ஃபிலிப் ஹென்ஸ்லோ. தேம்ஸ் நதியின் தென்கரையில் 1587இல் எழுந்த ரோஸ் அரங்கின் முதலாளி. அடகுக் கடையும் நடத்தியவர். தம் சகோதரர் இரும்பு, சுரங்கக் கணக்கு எழுதிப் பாதியில் விட்ட பழைய நோட்டையே திருப்பிப் போட்டு நாடகக் கணக்கு எழுதியிருக்கிறார். சிக்கனக்காரர். நாள்வாரி வசூல் 1592 பிப்ரவரி 19இல் தொடங்கி 1597 நவம்பர் வரை, இடைவெளிகளோடு, போகிறது. அவருடைய மருமகன் எட்வர்ட் அலேன் அன்றைய பெரிய நடிகர். அலேன் 1619இல் நிறுவிய டல்லிச் கல்லூரியில்தான் ஏடு இன்றும் இருக்கிறது. அதன் பக்கப் படங்களை ஹென்ஸ்லோ-அலேன் டிஜிட்டல் திட்டத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். அச்சுப் பதிப்பு வேண்டுமென்றால் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் 1904இல் வெளியிட்டது, அல்லது ஃபோக்ஸ், ரிக்கர்ட் இருவரும் 1961இல் வெளியிட்டது. 1845இல் வந்த ஜான் பெய்ன் காலியர் பதிப்பை மட்டும் தொடாதீர்கள். அந்த மனிதர் மூல ஏட்டிலேயே கள்ள வரிகளைச் சேர்த்தவர். பழைய புத்தகங்களை இலவசமாகத் தரும் தளங்களில் முதலில் கையில் சிக்குவது பெரும்பாலும் இதுதான்.

எந்த நாடகத்தை எடுப்பது

முதல் முயற்சிக்கு, ஷேக்ஸ்பியர் காலத்து நாடக ஆசிரியர் மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நல்லது. பதிவுகள் நெருக்கமாக இருக்கின்றன, வேறு நாடகத்தோடு பெயர்க் குழப்பம் இல்லை. அடுத்ததாக 'மால்டாவின் யூதன்' எடுக்கலாம். அது 1592 முதல் 1596 வரை 36 முறை மேடையேறிய நாடகம், ஆனால் இடையில் கம்பெனிகள் மாறுவதால் வேலை கூடும். ஷேக்ஸ்பியரை எடுக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். அவர் பங்குதாரராக இருந்த சேம்பர்லின் கம்பெனியின் வசூல் ஏடு எதுவும் கிடைக்கவில்லை. 1592 முதல் 1594 வரையிலான ஓரிரு நாடகங்கள்தான் ரோஸ் கணக்கில் தலைகாட்டுகின்றன.

இங்கேதான் ஆர்வக்கோளாறு கெடுக்கும். 1594 ஜூன் பக்கத்தில் 'ஹாம்லெட்' என்று இருக்கும், வசூல் 8 ஷில்லிங். 1594 ஏப்ரலில் 'லியர் அரசன்', 1595 நவம்பரில் 'ஐந்தாம் ஹாரி'. மூன்றுமே ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் அல்ல. அதே கதைகளை வைத்து அதற்கு முன்பே வந்தவை. 'ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டுக்கே 8 ஷில்லிங்தான்' என்று எழுதிவிட்டால் அந்த வரைபடத்தைக் கிழித்துப் போடுவதே மேல். அந்த 8 ஷில்லிங்கும் ரோஸில் வந்ததல்ல, ஊருக்கு வெளியே நியூவிங்டன் பட்ஸ் அரங்கில் வந்தது. அந்தச் சில நாள்களில் அங்கே எல்லா நாடகத்துக்குமே வசூல் மந்தம்.

தாளைத் தயார் செய்தல்

விரிதாளில் எட்டுப் பத்திகள் போடுங்கள்: ஏட்டுத் தேதி, திருத்திய தேதி, ஏட்டில் உள்ள எழுத்துக்கூட்டல், இன்றைய தலைப்பு, பவுன், ஷில்லிங், பென்னி, மொத்தப் பென்னி. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி. ஆக, பவுனை 240ஆலும் ஷில்லிங்கை 12ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தப் பென்னி வரும். 1592 மார்ச் 3 அன்று 'ஆறாம் ஹாரி' ஈட்டியது 3 பவுன் 16 ஷில்லிங் 8 பென்னி. 720, 192, 8 கூட்டினால் 920 பென்னி. எல்லாவற்றையும் பென்னியாக்கிய பிறகே ஒப்பிடுங்கள். ஒரு வரியைப் பவுனிலும் இன்னொன்றை ஷில்லிங்கிலும் வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டால் நிச்சயம் தவறும். ஹென்ஸ்லோவே 50 ஷில்லிங்கைச் சில நேரம் பவுனாக்காமல் 50 என்றே எழுதுவார்.

எண்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். ஐ என்றால் 1, வி என்றால் 5, எக்ஸ் என்றால் 10. கடைசி ஐ-க்கு மட்டும் வால் நீட்டி ஜே போல எழுதுவது அந்தக் கால வழக்கம். எல் என்ற எழுத்து தனியாக வந்தால் 50. அதோடு ஐ சேர்ந்து எண்ணுக்குப் பின்னால் வந்தால் அது பவுனைக் குறிக்கும் சுருக்கம். இதைக் குழப்பிக்கொண்டால் 3 பவுன் ஐம்பதாகிவிடும், 50 ஷில்லிங் பவுனாகிவிடும். ஒருவர் படித்துச் சொல்ல, ஒருவர் தட்டச்ச, மூன்றாமவர் அச்சுப் பதிப்போடு சரிபார்க்கட்டும். நான்காமவருக்கு வேலை தேதியில்.

தேதி மூன்று விதத்தில் காலை வாரும். முதலாவது, அன்றைய இங்கிலாந்தில் ஆண்டு பிறப்பது மார்ச் 25. அதனால் ஏட்டில் 1591 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் 1592. இதைத் திருத்தாவிட்டால் தொடக்கப் பதிவுகள் ஓராண்டு முன்னே போய் விழுந்து, இல்லாத ஓர் இடைவெளி வரைபடத்தில் முளைக்கும். இரண்டாவது, இங்கிலாந்து அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியில் இருந்தது. வரைபடத்துக்கு அதனால் பாதகமில்லை, கிழமை பார்க்கும்போதுதான் வேண்டும். மூன்றாவது, ஹென்ஸ்லோவே அடிக்கடி தேதியைத் தவறாகப் போடுவார்.

மூன்றாவதைப் பிடிக்க ஓர் எளிய வழி: ஏட்டுத் தேதியோடு 10 நாளும் 400 ஆண்டும் கூட்டி, கைப்பேசி நாள்காட்டியில் கிழமையைப் பாருங்கள். 1592 பிப்ரவரி 19க்கு 1992 பிப்ரவரி 29 வரும், சனிக்கிழமை. 1594 டிசம்பர் 8க்கு 1994 டிசம்பர் 18 வரும், ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை நாடகம் போடத் தடை இருந்த காலம். ஆகவே அப்படி வரும் பதிவு பெரும்பாலும் ஒரு நாள் முன்பின்னாக எழுதப்பட்டது. அதை நீங்களாக மாற்றாதீர்கள். அச்சுப் பதிப்பாசிரியர் சொல்லும் தேதியைத் திருத்திய தேதிப் பத்தியில் இட்டு, ஏட்டுத் தேதியை அப்படியே விட்டுவையுங்கள்.

எழுத்துக்கூட்டலும் ஒருநாள் போல் ஒருநாள் இருக்காது. ஃபாஸ்டஸ் ஒரு பக்கத்தில் ஃபோஸ்டோஸ், இன்னொரு பக்கத்தில் ஃபோஸ்டஸ். தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி வந்ததை மட்டும் எடுத்தால் பாதிப் பதிவுகள் விட்டுப்போகும். பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். 'ஜெரோனிமோ' என்று வருவது தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானியத் துன்பியல்'. அதன் பக்கத்திலேயே வரும் 'டான் ஹொரேஷியோ' தனி நாடகம், சேர்க்கக் கூடாது.

வசூல் யாருடைய வசூல்

வரையத் தொடங்கும் முன் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அன்று வாசலில் ஒரு பென்னி கொடுத்தால் திறந்த முற்றத்தில் நின்று பார்க்கலாம். நம் பேச்சில் தரை டிக்கெட். இன்னொரு பென்னி கொடுத்தால் மேல்மாடத்தில் உட்காரலாம். ஹென்ஸ்லோ எழுதியிருப்பது மாட வசூலில் அரங்க முதலாளியாகத் தமக்கு வந்த பாதி என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. முற்றத்துக் காசு நடிகர்களுக்குப் போனது, அதற்குக் கணக்கு இல்லை.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். பென்னியைத் தலைக்கணக்காக மாற்றக் கூடாது. '920 பென்னி, ஆகவே இத்தனை ஆயிரம் பேர்' என்ற வாக்கியம் உங்கள் கண்காட்சி அட்டையில் வந்தால் அடித்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது, இந்த ஏடு உட்கார்ந்தவர்களின் விருப்பத்தைத்தான் சொல்கிறது. தரை டிக்கெட்காரர்கள் விசிலடித்துக் கொண்டாடி, மாடம் காலியாகக் கிடந்த நாடகம் இங்கே தோல்வி போலத் தெரியும். எம்.ஜி.ஆர். படத்தைச் சோபா டிக்கெட் விற்பனையை மட்டும் வைத்து எடைபோட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

காசை இன்றைய வெள்ளியாக (ரிங்கிட்) மாற்றும் ஆசையும் வேண்டாம். லண்டனில் தொழில் தெரிந்த ஒருவரின் நாள் கூலி ஏறக்குறைய 12 பென்னி. தரை டிக்கெட் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நாள் கூலி 120 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 10 வெள்ளி டிக்கெட் என்று பார்வையாளருக்குச் சொல்லலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

வரைதல்

ஃபாஸ்டஸின் முதல் எட்டுப் பதிவுகள் 1594இல் இப்படிப் போகின்றன. செப்டம்பர் 30: 72 ஷில்லிங், அதாவது 864 பென்னி. அக்டோபர் 9: 528. அக்டோபர் 21: 396. நவம்பர் 5: 456. நவம்பர் 20: 216. டிசம்பர் 8: 180. டிசம்பர் 20: 216. டிசம்பர் 27: 624. வரைபடத் தாளில் மேல்நோக்கி 1 சென்டிமீட்டருக்கு 50 பென்னி, பக்கவாட்டில் ஒரு நாளுக்கு 2 மில்லிமீட்டர் வையுங்கள். ஏ4 தாளிலேயே அடங்கும்.

'முதலாம் காட்சி, இரண்டாம் காட்சி' என்று சம இடைவெளியில் வரைவது பலரும் செய்யும் பிழை. தேதியின்படி வரைந்தால்தான் இன்னொரு செய்தி தெரியும். காட்சிகளுக்கு நடுவே 9, 12, 15, 15, 18 நாள் என்று இடைவெளி விரிந்துகொண்டே போகிறது. வசூல் குறையக் குறைய கம்பெனி அந்த நாடகத்தைத் தள்ளித் தள்ளிப் போடுகிறது. அன்று ஒரே நாடகம் தொடர்ந்து ஓடாது. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கொரு நாடகம். 1594-95 பருவத்தில் ரோஸில் ஆடிய அட்மிரல் கம்பெனி 38 நாடகம் போட்டது, அதில் 21 புதியவை. நினைத்தால் மயக்கம் வரும் வேலை. அத்தனை நாடகம் கையில் இருக்கும்போது எதை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்பது கம்பெனியே போட்ட மதிப்பெண். சில இடங்களில் பென்னியைவிட அதை நம்பலாம்.

கடைசிப் புள்ளியில் 624க்குத் தாவியதைப் பார்த்து 'நாடகம் மீண்டும் பிடித்துவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். அது கிறிஸ்துமஸ் விடுமுறை, ஹென்ஸ்லோவே அந்த வரியில் குறித்திருக்கிறார். பண்டிகை நாளில் எது போட்டாலும் கூடும், நம் தீபாவளி வெளியீடு மாதிரி. இதைச் சரிசெய்ய ஒவ்வொரு புள்ளியையும் அந்த வாரத்து மற்ற நாடகங்களின் சராசரியோடு வகுத்து, இரண்டாவது வரைபடம் போடுங்கள். எடுத்த நாடகத்தைச் சராசரியில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அது தன்னோடு தானே போட்டியிட்டுத் தன் உயரத்தைக் குறைத்துக்கொள்ளும்.

1592 பிப்ரவரி இறுதியை எடுத்துக்கொள்வோம். 'ஆர்லாண்டோ' 198, 'டான் ஹொரேஷியோ' 162, 'மாண்டவில்' 150, 'கார்ன்வால் ஹாரி' 384, 'மால்டாவின் யூதன்' 600. மற்ற நான்கின் சராசரி 223.5. யூதனின் மதிப்பு 2.7 மடங்கு. அடுத்த ஐந்து பதிவுகளில் 216, 408, 180, 168, பிறகு 'ஆறாம் ஹாரி' 920. சராசரி 243, மதிப்பு 3.8 மடங்கு. யூதனையும் சராசரியில் சேர்த்திருந்தால் 2.7 வெறும் 2 ஆகியிருக்கும்.

'ஆறாம் ஹாரி' வரிக்குப் பக்கத்தில் என்.இ. என்ற இரண்டு எழுத்து இருக்கும். புதிய நாடகம் என்று பொருள் கொள்வது வழக்கம். ஆனால் திருத்தி எழுதிய பழைய நாடகத்துக்கும், புதிதாக உரிமம் வாங்கியதற்கும் இதே குறி விழுந்திருக்கலாம் என்று வாதிடுவோரும் உண்டு. ஆகவே வரைபடத்தில் அதை வேறு நிறப் புள்ளியாக வைத்து, 'என்.இ. குறி' என்றே எழுதுங்கள், 'முதல் காட்சி' என்று வேண்டாம். மறுபக்கம், ஃபாஸ்டஸுக்கு 1594 செப்டம்பரில் 864 பென்னி வந்தும் இந்தக் குறி இல்லை. மார்லோ 1593 மே மாதமே இறந்துவிட்டார். பழைய நாடகமும் மறுவரவில் முதல் நாள் கல்லாவை நிரப்பும்.

இடைவெளிகளைக் கோடு போட்டு இணைக்காதீர்கள். 1592 ஜூன் 23இல் அரங்குகள் மூடப்பட்டன, பிறகு கொள்ளைநோய் வந்தது. 1594 வசந்தம் வரை நடுவில் சில வாரங்களே ஆட்டம். அந்தக் காலத்தை வெள்ளையாக விடுங்கள். 1597 ஜனவரி இறுதியில் ஹென்ஸ்லோ திடீரென்று ஐந்து பத்தியாகக் கணக்கு எழுதத் தொடங்குகிறார். அந்தப் பத்திகளின் பொருள் இன்னும் தீராத வழக்கு. அங்கேயும் கோட்டை முறித்து, அதன் பிறகான புள்ளிகளைத் தனித் தாளில் போடுங்கள். அந்தத் தாளில் கவனிக்க வேண்டியது அதே ஆண்டு மே மாதம் வந்த, நாடக ஆசிரியர் சாப்மனின் 'சுபாவங்களின் நகைச்சுவை'. எல்லா நாடகமும் முதல் காட்சிக்குப் பிறகு சரியும்போது, இது முதல் சில காட்சிகளில் ஏறிக்கொண்டே போனது. ஆளின் குணக்கோணலை வைத்துச் சிரிக்கவைக்கும் பாணிக்குக் கூட்டம் கூடத் தொடங்கிய தருணம் இப்படிக் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம்.

ஏற்றத்துக்குக் காரணம் சொல்லும்போது

செய்தியை நாடகத்தோடு ஒட்டிவிடுவது எளிது, தவறுவதும் எளிது. ராணியின் மருத்துவர் லோபஸ், யூத வம்சத்தவர், 1594 ஜூன் 7இல் தூக்கிலிடப்பட்டார். அந்தக் கோடையில் 'மால்டாவின் யூதன்' பல முறை போடப்பட்டது. ஊர்ப்பேச்சை கம்பெனி பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் லோபஸ் கைதாவதற்கு இரண்டாண்டு முன்பே அது 2.7 மடங்கில் நின்றதை உங்கள் தாளே காட்டுகிறது. நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு புள்ளியாவது இல்லாமல் காரணம் எழுதாதீர்கள்.

1597க்குப் பிறகு நாள் வசூல் கிடையாது, செலவுக் கணக்குதான். அதையும் வீசிவிட வேண்டாம். அன்று ஒரு புதிய நாடகத்தின் விலை சுமார் 6 பவுன். ஹேவுட்டின் ஒரு நாடகத்துக்கு 6 பவுன் கொடுத்துவிட்டு, அதில் நாயகி உடுத்தும் வெல்வெட் கவுனுக்கு 6 பவுன் 13 ஷில்லிங் செலவழித்திருக்கிறார்கள். எழுத்தாளர் நிலை அன்றும் அதுதான்! 1601இல் 'ஜெரோனிமோ'வில் சேர்க்கை எழுத பென் ஜான்சனுக்கு 40 ஷில்லிங், 1602இல் ஃபாஸ்டஸுக்குச் சேர்க்கை எழுத இருவருக்கு 4 பவுன். பழைய நாடகத்துக்குப் புதுக்காசு இறைத்தால் அது இன்னும் சம்பாதிக்கிறது என்று பொருள். போட்டிக் கம்பெனியின் வெற்றிகூடச் செலவில் தெரியும். ஷேக்ஸ்பியரின் ஃபால்ஸ்டாஃப் பாத்திரம் சேம்பர்லின் கம்பெனிக்குக் கூட்டம் சேர்த்தபோது, 1599இல் அட்மிரல் கம்பெனி நான்கு பேரை உட்காரவைத்து 'சர் ஜான் ஓல்ட்காஸில்' எழுதி வாங்கியது. ஃபால்ஸ்டாஃபின் முதல் பெயரே அதுதான்.

அச்சுப் பதிப்புகளை எண்ணி வசூலுக்குப் பதிலாக வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. துணைச் சான்றாக வைக்கலாம், மாற்றாக வைக்கக் கூடாது. 36 முறை மேடையேறிய 'மால்டாவின் யூதன்' நமக்குக் கிடைக்கும் அச்சில் வந்தது 1633இல். 1598இல் அச்சான 'முசிடோரஸ்' என்ற எளிய கதை, மறுபதிப்புகளில் அந்தக் கால நாடகங்கள் அனைத்தையும் முந்தியது. இன்று அதை யார் படிக்கிறார்கள்? மக்களின் ஞாபகத்தையும் சான்றாகச் சேர்க்கலாம். 1601 பிப்ரவரி 7இல், தங்கள் கலகத்துக்கு முதல் நாள், எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' போடச் சொன்னபோது, அது பழசு, வழக்கொழிந்தது, ஆள் வராது என்று நடிகர்கள் தயங்கியதாக அவர்களில் ஒருவரான அகஸ்டின் ஃபிலிப்ஸ் வாக்குமூலம் தந்தார். 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்த பிறகே போட்டார்கள். எழுதி ஆறேழு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதே சமயம், ஜெரோனிமோவையே இன்னும் உச்சி மேல் வைத்துப் பேசும் ரசிகர்களை ஜான்சன் 1614இலும் கிண்டலடிக்கிறார்.

கண்காட்சியாக வைக்கும்போது

ஒரு நாடகத்துக்கு ஓர் ஏ3 அட்டை போதும். மேலே பென்னி வரைபடம், கீழே மடங்கு வரைபடம், தேதி அச்சு இரண்டிலும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். பினாங்கில் வைப்பதானால் பக்கத்தில் பங்சாவான் என்ற மலாய் நாடகத்துக்கு ஓர் அட்டை ஒதுக்குங்கள். பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பிறந்த அந்த மேடையும் இரவுக்கொரு கதை மாற்றித்தான் பிழைத்தது. ஹாம்லெட் கதைகூட அதில் ஏறியது. லண்டனில் 1599, 1600இல் சிறுவர்களே நடித்த கம்பெனிகள் மீண்டும் கிளம்பியதை விளக்க நீட்டி முழக்க வேண்டாம். 'பாய்ஸ் கம்பெனி' என்ற ஒரு சொல் வயதானவர்களுக்குப் போதும், அவர்களே இளையவர்களுக்கு விளக்கிவிடுவார்கள்.

கடைசி அட்டையை 'வெஸ்ட் செஸ்டரின் ஞானி'க்கு வையுங்கள். 1594 டிசம்பரில் வந்து 1597க்குள் 32 முறை போடப்பட்டது. ஃபாஸ்டஸைவிட அதிகம். 1601இல் அதன் பிரதியை கம்பெனி அலேனிடமிருந்து 40 ஷில்லிங்குக்கு வாங்கியது. இன்று அந்தப் பெயரில் பிரதி இல்லை. மிஞ்சியிருக்கும் வேறொரு நாடகமே அது என்று சிலர் ஊகிப்பதோடு சரி. மற்ற அட்டைகளில் நாடகத்திலிருந்து நான்கு வரி ஒட்டியிருப்பீர்கள். இதில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, கட்டம் மட்டும் போடுங்கள். ஏன் காலி என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அட்டைக்குப் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் நிற்கட்டும்.